நேரடி இசையா, வீட்டு ஸ்பீக்கரா: அறையை விட்டுவிட்டுப் பேச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரில் கேட்கும் இசைக்கு ஈடே இல்லை என்று சிலரும், நல்ல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வீட்டில் இருந்தால் அரங்குக்குப் போகவே தேவையில்லை என்று வேறு சிலரும் தங்கள் வாசகர் பக்கத்தில் எழுதிவருகிறார்கள். இரு தரப்பும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். வீட்டுக் கருவியின் விலையையும் தரத்தையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தக் கருவி எந்த அறையில் ஒலிக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதேபோல், 'நேரடி இசை' என்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி மைக், மிக்ஸர், ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வருகிறது என்பதையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே ஒப்பிட வேண்டியவை மூன்று: ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசை, ஒலிபெருக்கி வைத்த நேரடி இசை, வீட்டில் கேட்கும் பதிவு. நடுவில் உள்ளது முதலாவதைவிட மூன்றாவதற்கே நெருங்கிய உறவு கொண்டது.

கருவியால் நேரடிக் குரலை அப்படியே தர முடியுமா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் பழையது. எடிசன் நிறுவனம் 1915இல் தொடங்கி ஊர் ஊராகச் சோதனை நிகழ்ச்சிகள் நடத்தியது. பாடகர் மேடையில் நின்று பாடுவார், இடையில் நிறுத்துவார், அவருடைய இசைத்தட்டு தொடரும். விளக்கை அணைத்துவிட்டு எது குரல், எது இயந்திரம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பலரால் முடியவில்லை. இன்றைய கைப்பேசி ஸ்பீக்கரோடுகூடப் போட்டியிட முடியாத இயந்திரம் அது. பிறகு எப்படி ஏமாந்தார்கள்? அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆன்னா கேஸ், இயந்திரத்தின் ஒலிக்குப் பொருந்தும்படி தன் குரலை அடக்கிக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃபெடேல் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் இதைவிட நேர்மையான ஒப்பீட்டை நடத்தினார். பிறகு அமெரிக்காவில் எட்கர் வில்சர் தம் ஏ.ஆர். நிறுவனத்தின் ஸ்பீக்கர்களை நால்வர் கொண்ட ஒரு நரம்பிசைக் குழுவின் பக்கத்தில் வைத்து, வாசிப்பையும் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். இதற்கான பதிவு எதிரொலியே இல்லாத சூழலில் எடுக்கப்பட்டது. காரணம் எளிது: பதிவில் ஓர் அறையின் எதிரொலி இருந்து, அதை ஒலிக்கும் அரங்கும் தன் எதிரொலியைச் சேர்த்தால், இரண்டு அறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சோதனைகளில் குரலும் பெட்டியும் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டன என்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் எதிரொலி ஒன்று, கேட்பவரின் தூரம் ஒன்று, ஒலி அளவு ஒன்று. அப்படி இருக்கும்போது அன்றைய கருவியாலேயே வித்தியாசத்தைப் பெருமளவு குறைக்க முடிந்தது. இன்று வீட்டில் அதைவிடப் பல மடங்கு துல்லியமான கருவி இருந்தும் நேரடி இசைபோல் இல்லை என்றால், குறையைக் கருவிக்கு வெளியேதான் முதலில் தேட வேண்டும்.

அரங்கு என்ன செய்கிறது என்பதை அளந்து சொன்னவர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்பதால் 1895இல் அந்தப் பணி அவரிடம் வந்தது. சத்தம் நின்ற பிறகும் அங்கே 5 விநாடிக்கு மேல் எதிரொலி நீடித்தது. பக்கத்துக் கட்டடத்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த ஒலி உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரம் கிடைக்கும். அவர் ஆலோசனையில் எழுந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது. ஆட்கள் நிறைந்திருக்கும்போது அங்கே இந்த நேரம் ஏறக்குறைய 1.9 விநாடி. 1870இல் திறந்த வியன்னா மூசிக்ஃபெராயின் அரங்கில் சுமார் 2 விநாடி.

இப்போது ஒரு வீட்டு அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 4.5 மீட்டர், அகலம் 3.5, உயரம் 2.8. கன அளவு 44 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 76 சதுர மீட்டர். பூசிய சுவரும் கல் தரையும் தம்மேல் படும் ஒலியில் சராசரியாக 5 சதவீதத்தை உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், வெற்று அறையின் எதிரொலி நேரம் 1.9 விநாடி வருகிறது. பாஸ்டன் அரங்கின் அதே எண்! ஆனால் வெற்று அறையில் கைதட்டிப் பாருங்கள். அரங்கின் மணம் துளியும் இருக்காது, தகரத்தில் தட்டியதுபோல் கூசும். ஏனென்றால் அரங்கில் மேடையிலிருந்து நேராக வரும் ஒலிக்கும் முதல் எதிரொலிக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. மேலே சொன்ன இரண்டு அரங்குகளிலும் அது 12 முதல் 15 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் காது பாடகரையும் கருவியையும் தெளிவாகப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு பக்கச் சுவர்களிலிருந்து வரும் எதிரொலிகள் ஒலியை அகலமாக்கி நம்மைச் சூழ்கின்றன. வீட்டு அறையில் பக்கச் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்த ஸ்பீக்கரின் முதல் எதிரொலி 2 அல்லது 3 மில்லி விநாடியில் வந்து நேரொலியோடு கலந்துவிடுகிறது. காதால் பிரிக்க முடிவதில்லை. சில சுருதிகள் தூக்கலாகவும் சில அமுங்கியும் கேட்கின்றன.

அந்த அறையில் நேரொலியும் எதிரொலியும் சரிசமமாகும் தூரம், சாதாரண ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். இருக்கை 2 மீட்டருக்கு அப்பால் இருந்தால் காதில் விழுவதில் பெரும்பங்கு சுவருடைய ஒலி. எதிரொலி நேரத்தை 0.4 விநாடிக்குக் கொண்டுவந்தால் அந்த எல்லை 1.3 மீட்டர் ஆகிறது. பதிவில் உள்ள அரங்கு அப்போதுதான் வெளியே கேட்கத் தொடங்கும். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரை மாற்றி இந்த வித்தியாசத்தை ஒருநாளும் பெற முடியாது.

அடுத்தது ஒலியின் வீச்சு. முழு வாத்தியக் குழு உச்சத்தில் வாசிக்கும்போது அரங்கில் 100 டெசிபலைத் தாண்டுகிறது. மென்மையான இடங்களில் 40க்குக் கீழே இறங்குகிறது. வீட்டில் மின்விசிறி ஓடினாலே 45 டெசிபல் பின்னணி இரைச்சல் இருக்கும். அப்படியானால் மெல்லிய பகுதிகள் இரைச்சலில் மூழ்கும். அதற்காக அளவைக் கூட்டினால் உச்சத்தில் ஸ்பீக்கர் திணறும். கணக்கைப் பாருங்கள். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் தரும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், மேலே சொன்ன அறையின் இருக்கையில் அதே 1 வாட்டில் 84 டெசிபல் அளவு தரும். 94க்கு 10 வாட் வேண்டும், 104க்கு 100 வாட், 107க்கு 200 வாட். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி இரட்டிப்பாகிறது. சக்தி கூடக்கூட, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான குரல்சுருள் சூடாகி அதன் மின்தடை ஏறும். ஆம்ப்ளிஃபயர் தருவது முழுவதும் ஒலியாக வெளியே வராது. கீழ்ச்சுருதியில் நெருக்கடி இன்னும் அதிகம்: அதிர்வெண் பாதியானால், அதே ஒலி அளவுக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறிய பெட்டி பெரிய முரசைப்போல் ஒலிக்காததற்கு இதுதான் காரணம். தயாரிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டில் பலரும் 65 அல்லது 70 டெசிபலில்தான் கேட்கிறார்கள். அந்த அளவில் காது கீழ்ச்சுருதியைக் குறைவாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைபடமாக்கிக் காட்டினார்கள். அரங்கில் 85 டெசிபலில் நிறைவாக இருந்த இசை 65இல் எலும்பும் தோலுமாக ஒலிப்பது காதின் இயல்பு. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இதற்காகவே 'லவுட்னெஸ்' பொத்தான் இருந்தது. உயர்ரகக் கருவிகள் பலவற்றிலிருந்து அதை எடுத்துவிட்டது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. குறைந்த அளவில் கேட்பவர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் கூட்டிக்கொள்வதில் எந்தப் பாவமும் இல்லை.

இனி மைக்குக்கு வருவோம். நேரடி இசைக்கும் பதிவுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இங்கேதான் உண்டாகிறது; வீட்டில் என்ன செலவழித்தாலும் அதைத் திருத்த முடியாது. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கருப்புப் பசை பூசியிருப்பதால்தான் அந்தத் தோல் வெறும் தட்டலாக இல்லாமல் சுருதியோடு பேசுகிறது. சாதாரணத் தோலில் ஒழுங்கில்லாமல் எழும் மேல்சுரங்களைக் கரணையின் எடை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் எழுதிய ஆய்வுகள் இதை விளக்கின. 6 மீட்டர் தொலைவில் அமர்ந்து நேரில் கேட்பவருக்கு வலந்தலையின் மீட்டும், இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கியும் ஒரே இடத்திலிருந்து, ஒரே உடம்பின் குரலாக வருகின்றன. பதிவில் வலந்தலைக்கு 15 சென்டிமீட்டரில் ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக். பிறகு மிக்ஸரில் ஒன்றை முழுக்க வலப்பக்கமும் மற்றதை முழுக்க இடப்பக்கமும் தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2.3 மீட்டர் இடைவெளி இருந்தால், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வாத்தியம் 2.3 மீட்டராக நீண்டுவிடுகிறது. பாடகர் நடுவில் சிறியதாக நிற்க, மிருதங்கம் அவரைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட பதிவை எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரில் போட்டாலும் அந்தக் கோணல் இன்னும் துலக்கமாகத் தெரியுமே தவிர, மறையாது.

வயலினிலும் இதே சிக்கல். அதன் உடல் ஒவ்வொரு சுருதியையும் ஒவ்வொரு திசையில் வீசுகிறது. அரங்கு அவற்றையெல்லாம் சேர்த்து நமக்குத் தருகிறது. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு மேல் 20 சென்டிமீட்டரில் வைத்த மைக் ஒரே ஒரு திசையைத்தான் கேட்கும். வில்லின் உராய்வும் பிசினின் கரகரப்பும் தூக்கலாக வரும். வீணையில் தந்தி மீது விரல் நகரும் ஓசை, புல்லாங்குழலில் மூச்சு, பாடகரின் உமிழ்நீர்ச் சத்தம் எல்லாம் அப்படித்தான். இவற்றை 'நுணுக்கம்' என்று கருவி விமர்சகர்கள் பாராட்டுகிறார்கள். நேரில் 5 மீட்டரில் அமர்ந்தவருக்கு இவை பெரும்பாலும் கேட்பதே இல்லை. தம்புராவில் தந்திக்கும் பாலத்துக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலைச் சரியான இடத்தில் வைக்கும்போது எழும் மேல்சுரங்களின் மினுக்கம் இதற்கு நேர்மாறு. அது நேரில் அறையெங்கும் பரவியிருக்கும். குறைந்த பிட் அளவில் சுருக்கிய கோப்பில் அது முதலில் கலங்கும். 128 கிலோபிட் எம்பி3இல் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. தம்புராவோடு கேட்கும் இசைக்கு 256க்குக் குறையாமல், முடிந்தால் இழப்பில்லாக் கோப்பாகவே வாங்குங்கள்.

பதிவுக்குப் பிறகு நடப்பது இன்னொரு கதை. அமுக்காத தாள வாத்திய இசையில் உச்சத்துக்கும் சராசரிக்கும் 18 முதல் 20 டெசிபல் வித்தியாசம் இருக்கும். சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கம்ப்ரஸரும் லிமிட்டரும் போட்டு அழுத்திய பாடல்களில் அது 8க்கும் கீழே போய்விடுகிறது. குறுந்தகடு 1982இல் வந்தபோதே 16 பிட்டில் 96 டெசிபல் வீச்சுக்கு இடமிருந்தது. அதில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 24 பிட் கோப்பு என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்குமுன், அது எந்த மாஸ்டரிலிருந்து (இறுதி மூலப் பதிவிலிருந்து) எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அழுத்திய மாஸ்டர் என்றால் 24 பிட்டால் ஒரு பயனும் இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்டூடியோவில் பல தடங்களாக, பல நாட்களில், கணினியில் கட்டிய இசைக்கு 'அசல் நிகழ்ச்சி' என்று ஒன்று நடக்கவே இல்லை. கலவைப் பொறியாளரின் ஸ்பீக்கரில் ஒலித்ததுதான் அசல். அதை மேடையில் நிகழ்த்துவதுதான் நகல். அப்படிப்பட்ட இசையில் வீட்டுக் கருவியே வெல்லும். நேரடி நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு அதைத் தாழ்த்துவது அநியாயம்.

ஒலிபெருக்கி வைத்த கச்சேரியைப் பற்றி 'நேரடி' என்ற சொல்லை நம்பிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவல் (ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து எழும் கீச்சு) வருவதற்கு முன் கிடைக்கும் ஒலி அளவு 3 டெசிபல் குறைகிறது. ஒரு மைக்குக்குப் பதில் 8 மைக் திறந்திருந்தால் 9 டெசிபல் போயிற்று. மேடையில் உள்ளவர் 'மானிட்டரில் (கலைஞரை நோக்கி வைத்த ஸ்பீக்கரில்) எனக்குக் கேட்கவில்லை' என்பார், இயக்குபவர் கூட்டுவார், கூவல் எட்டிப் பார்க்கும். உடனே மேல்சுருதியையும் நடுச்சுருதியையும், சுருதிவாரியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டுவார்கள். இசை மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். இதற்கு முதல் மருந்து மைக்கின் தூரம். பாடகர் 20 சென்டிமீட்டரிலிருந்து 10க்கு வந்தால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒருதிசை மைக்கில் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி வீங்கும், அதை 100 ஹெர்ட்ஸ் வடிகட்டியால் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது மருந்து, பேசாத, பாடாத மைக்கை மூடிவைப்பது. செலவே இல்லாத இந்த வேலையைப் பல மேடைகளில் யாரும் செய்வதில்லை.

மாலையில் காலி அரங்கில் ஒலிச்சோதனை முடித்து, கூட்டம் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று என்று புலம்புவதும் வழக்கம். ஒவ்வொரு மனிதரும் நடுச்சுருதியில் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவார். 400 பேர் வந்தால் 200 சதுர மீட்டர் புது உறிஞ்சல் அறைக்குள் வந்துவிட்டது. மெத்தையில்லாத நாற்காலி அரங்கில் இது மிகவும் வெளிப்படையாகத் தெரியும். முதல் பத்து நிமிடம் ஒலி கேட்கும் விதமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். இயக்குபவர் நல்லவராக இருந்தால் இரண்டாவது உருப்படிக்குள் பிடித்துவிடுவார்.

பெரிய இடங்களில் தாமத ஸ்பீக்கர்களைக் கவனியுங்கள். ஒலி 1 மீட்டர் கடக்க 2.9 மில்லி விநாடி எடுக்கிறது. மேடையிலிருந்து 30 மீட்டரில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதை 87 மில்லி விநாடி தாமதப்படுத்தி, அதற்கு மேல் 10 முதல் 15 சேர்க்க வேண்டும். அப்போது மேடையின் ஒலி காதுக்கு முதலில் வரும்; பக்கத்து ஸ்பீக்கர் அதைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் இசை மேடையிலிருந்து வருவதாகவே தோன்றும். தாமதம் போட மறந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பின்வரிசையில் அப்படிக் கேட்டால் அது அரங்கின் எதிரொலி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட வேண்டாம். மிக்ஸர் மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

எங்கே உட்காருவது? ஒலிபெருக்கிக் கச்சேரியில் முதல் வரிசை ஏமாற்றம்தான். முதன்மை ஸ்பீக்கர்களின் ஒலி தலைக்கு மேலே போய்விடும், மேடை மானிட்டரின் முதுகுதான் கேட்கும். மிக்ஸர் மேசைக்கு முன்னால், நடுக்கோட்டின் அருகே இடம் பிடியுங்கள். அந்த இடத்தில் கேட்டுத்தான் எல்லாம் சரிசெய்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆழம் நல்லது. பால்கனிக்கு அடியில் போனால், அதன் முன்திறப்பின் உயரத்தைவிட அதிக ஆழத்தில் அமராதீர்கள். அங்கே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் எதிரொலி நுழையாது, இசை சன்னல் வழியாகக் கேட்பதுபோல் இருக்கும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதி நேரம்தான் தாங்கும்; 100இல் அது 15 நிமிடம். இசை அரங்குகளில் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. பஞ்சு போன்ற காதடைப்பான் மேல்சுருதியை அதிகமாக வெட்டிவிடும். வடிகட்டி உள்ள இசைக்கான அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் வரை குறைக்கும், இசை கெடாது.

இப்போது வீட்டுக்கு. கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் நாற்காலியை நகர்த்துங்கள். மேலே சொன்ன 4.5 மீட்டர் நீள அறையில் 38 ஹெர்ட்ஸிலும் 76 ஹெர்ட்ஸிலும் காற்று நின்று அதிரும். பின்சுவரை ஒட்டிய சோபாவில் அவை இரண்டும் வீங்கிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் 38 காணாமல் போகும். நீளத்தின் கால்பங்கில் 76 காணாமல் போகும். பின்சுவரிலிருந்து 1.6 முதல் 1.7 மீட்டரில் அமர்ந்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம். முன்சுவரிலிருந்து 0.9 மீட்டரில் ஸ்பீக்கர் இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 95 ஹெர்ட்ஸில் நேரொலியை அடித்துவிடும். அரை மீட்டரில் என்றால் 171இல், ஆண் குரலின் நடு உடம்பிலேயே. ஆகவே சுவரிலிருந்து நன்றாக வெளியே இழுங்கள், இல்லையேல் சுவரை ஒட்டியே வையுங்கள், அரைகுறைதான் கெடுதல். இரண்டு ஸ்பீக்கரும் இருக்கையும் சமபக்க முக்கோணமாக, ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சிறிய ஒலிப்பான்) காது உயரத்தில் இருக்கட்டும்.

பிறகு, ஒருவரைப் பக்கச் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கனிமப் பஞ்சுப் பலகையை, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். 2.5 சென்டிமீட்டர் நுரைத்தகட்டை அறை முழுக்க ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அது மேல்சுருதியை மட்டும் விழுங்கும், கீழ்ச்சுருதியைத் தொடாது; அறை மந்தமாகவும் அதே சமயம் குமுறலாகவும் ஆகிவிடும். முட்டை அட்டை கீழ்ச்சுருதிக்கு எதுவுமே செய்யாது. அந்த அறையை 0.4 விநாடிக்குக் கொண்டுவர மொத்தம் 18 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். ஏற்கெனவே இருப்பது 4. கம்பளம், தடித்த திரை, நிறைந்த புத்தக அலமாரி, மெத்தை சோபா ஆகியவை ஒரு பங்கைத் தரும். மீதியைப் பலகைகள் தர வேண்டும். மூலைகளில் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமன்.

அளக்காமல் இவற்றில் இறங்காதீர்கள். அளவுத்திருத்தம் செய்த ஒரு மைக்கும் 'ரூம் ஈக்யூ விஸார்ட்' என்ற இலவச மென்பொருளும் போதும். காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் தொனியை ஓடவிட்டால் மேடும் பள்ளமும் வரைபடத்தில் வந்துவிடும். 15 டெசிபல் வித்தியாசம் தெரிந்தாலும் திடுக்கிட வேண்டாம், பண்படுத்தாத அறையில் அது சாதாரணம். ஈக்வலைசரை ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், மேடுகளைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். பள்ளத்தை நிரப்ப முயன்றால், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு சக்தி செலவாகும். எதிர்த்து வரும் எதிரொலியும் கூடவே வளர்வதால் பள்ளம் அப்படியே கிடக்கும். கீழ்ச்சுருதிக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்குவதாக இருந்தால் பெரிதாக ஒன்றைவிடச் சிறியவை இரண்டு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் அவற்றுக்கு இடையே எழும் முதல் அதிர்வு தானாகவே பெருமளவு அடங்கும்.

கம்பிக்காகச் செலவழிப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் ஓடினால், போய்வரும் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் இழப்பது 0.1 டெசிபலுக்கும் குறைவு. நாற்காலியை 30 சென்டிமீட்டர் நகர்த்தினால் கீழ்ச்சுருதியில் 10 டெசிபல்கூட மாறலாம். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடுகிறவர்கள் ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து, 200 ஹெர்ட்ஸ் தொனியில் 1 சதவீதத்துக்குள் சமப்படுத்திய பிறகு, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் 'தெளிவாக' இருப்பதாகத்தான் தோன்றும். கடைகளில் நடக்கும் பல ஒப்பீடுகள் இந்த இடத்தில் தோற்றுப்போகின்றன.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கச்சேரி விமர்சனம் வெளியிடும்போது அரங்கில் ஒலிபெருக்கி இருந்ததா, விமர்சகர் எந்த வரிசையில் அமர்ந்தார் என்ற இரண்டு தகவலையும் சேர்த்துப் போடுங்கள். 'வயலின் சன்னமாக இருந்தது' என்ற வரிக்கு அப்போதுதான் பொருள் தெரியும். அது வாசித்தவரின் குறையா, மைக்கின் குறையா, இருக்கையின் குறையா என்று வாசகர் தாமே ஊகிக்கலாம். ஒலிக்கருவி விமர்சனம் என்றால் கேட்ட அறையின் நீள, அகல, உயரமும், ஸ்பீக்கர் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும், இருக்கையில் எடுத்த ஓர் அளவீட்டு வரைபடமும் வேண்டும். ஒலிபெருக்கியே இல்லாமல் 200, 300 பேருக்கு நடக்கும் நிகழ்ச்சிகளைத் தங்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் தனிக்குறியிட்டுக் காட்டினால், அந்த ஒலியை ஒருமுறையாவது கேட்க விரும்புகிறவர்களுக்கு எங்கே போவது என்று தெரியும்.

இப்படிக்கு,
அரங்க ஒலியமைப்புத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்